ஓரம் வெட்டாத பைண்டிங் கடை

பாளையங்கோட்டையில் பழைய வேதப்புத்தகங்களைத் தைத்துக் கட்டிக் கொடுக்கும் ஒரு கடையைப் பற்றி எழுதுகிறேன். பெயர்ப்பலகை கிடையாது. முருகன்குறிச்சியில் ஊசிக்கோபுரம் ஆலயத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு சந்துக்குள் ஒற்றை அறை. வாசலில் அட்டைக் கட்டுகள் சாய்த்து வைத்திருக்கும், உள்ளே போனால் பசை வாசம். கடைக்காரர் தன் பேரையும் போன் நம்பரையும் எங்கும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "வேலைக்குக் கூலி வாங்கிட்டேன்லா, பேரு எதுக்கு?" என்றார். ஆகவே இங்கே அவர் வெறும் அண்ணாச்சிதான். ஞாயிறு ஆராதனை முடிந்து வருகிற பெரியவர்கள் யாரிடம் கேட்டாலும் வழி சொல்லுவார்கள்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பேசிய கூலி 850 ரூபாய், வாங்கியது 750. சொன்ன நாள் 10, ஆனது 19. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் கொடுத்தது என் அம்மாவின் வேதப்புத்தகம். பழைய மொழிபெயர்ப்பு, 1968இல் கல்யாணத்துக்கு அவளுடைய தாய்மாமா கொடுத்தது. அம்மா போன வருஷம் இறந்துபோனாள். புத்தகத்தின் முதுகு எப்போதோ போய்விட்டது. ஆதியாகமத்தின் முதல் இரண்டு பாரங்கள், அதாவது மடித்துத் தைத்த தாள் கொத்துகள், தனியாக வந்துவிட்டன, வெளிப்படுத்தின விசேஷத்தில் கடைசித் தாள்கள் விளிம்பு உதிர்ந்து கிடந்தன. சங்கீதம் இருக்கும் இடத்தில் தையல் அறுந்து, புத்தகம் அங்கே தானாகத் திறந்துகொள்ளும். அம்மா அதை ஒரு வெள்ளை நாடாவால் கட்டி வைத்திருந்தாள்.

பைண்டிங் கொடுக்க எனக்குப் பயம் இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் கீர்த்தனைப் புத்தகத்தை வேறொரு ஊரில் ஒரு கடையில் கொடுத்தேன். பளபளவென்று கட்டித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால், மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் விட்டு விளிம்பைச் சமமாக்கியிருந்தார்கள். ஒவ்வொரு கீர்த்தனைக்கும் மேலே அப்பா பென்சிலில் எழுதி வைத்திருந்த குறிப்பெல்லாம், எந்தச் சுருதியில் எடுக்க வேண்டும், எந்த வருஷம் எந்தச் சபையில் பாடினார் என்பதெல்லாம், பாதி எழுத்தாக நின்றது. வெட்டிய துண்டுகளைக் கேட்டேன். அன்றைக்கே குப்பையில் போய்விட்டது என்றார்கள். அதனால்தான் அம்மாவின் புத்தகத்தை ஒரு வருஷம் பீரோவிலேயே வைத்திருந்தேன்.

அண்ணாச்சி புத்தகத்தை வாங்குவதற்கு முன் எழுந்துபோய்க் கை கழுவித் துடைத்துவிட்டு வந்தார். இருபது நிமிடம் போல ஒன்றும் பேசாமல் புரட்டினார். அப்புறம், முடியாததை முதலில் சொன்னார். புதுசு மாதிரி வராது. பழுத்த தாள் வெள்ளையாகாது. உதிர்ந்துபோன விளிம்பில் விட்டுப்போன எழுத்து திரும்ப வராது. மேலட்டைக்கு நான் ரெக்சின் கேட்டேன், சாம்பிள்களில் கருப்பு ரெக்சின் அழகாக இருந்தது. அவர் தலையாட்டவில்லை.

"ரெக்சின் போட்டா எனக்கு இருநூறு ரூவா கூடக் கிடைக்கும்மா. ஆனா நாலஞ்சு வருஷத்துல மடிப்புல உரிஞ்சிரும். தினம் திறக்கிற புத்தகம்னா காலிகோத் துணிதான் நிக்கும். பெட்டிக்குள்ள வைக்கத்தான்னா ரெக்சின் போட்டுக்கிடுங்க."

தினம் திறக்கிற புத்தகமா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. காலிகோ போடச் சொன்னேன்.

ஓரம் வெட்டுவீர்களா என்று கேட்டேன். அம்மா ஓரங்களில் நிறைய எழுதியிருந்ததை அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். வெட்ட மாட்டேன், விளிம்பு ஏறி இறங்கித்தான் இருக்கும், பரவாயில்லையா என்றார். அதற்குப் பிறகு சொன்னதுதான் நான் எதிர்பார்க்காதது. வெளி ஓரத்தில் இருப்பது தப்பிக்கும், முதுகுப் பக்க ஓரத்தில் எழுதியிருப்பது தப்பிக்காது. கிழிந்த பாரங்களை மேல்தையல் போட்டுச் சேர்க்கும்போது கால் அங்குலம் உள்ளே போய்விடும், பிறகு அந்த எழுத்தை யாரும் வாசிக்க முடியாது. "இதெல்லாம் வாசிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ இன்னைக்கு வாங்க மாட்டேன். கொண்டுபோய் உக்காந்து ஒரு நோட்டுல எழுதிக்கிட்டு, அடுத்த வாரம் கொண்டாங்க."

கையில் வந்த வேலையைத் திருப்பி அனுப்புகிற கடையை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த ஒரு வாரம், ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கோடு போட்ட நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா தொடக்கப்பள்ளி ஆசிரியை, பிறகு தலைமையாசிரியை. கையெழுத்து கரும்பலகையில் எழுதுகிற மாதிரி நிமிர்ந்து நிற்கும். நான் நினைத்திருந்தது பிரசங்கக் குறிப்புகள் என்று. கொஞ்சம் அதுவும் உண்டு. மற்றதெல்லாம் தேதிகள். அந்த வசனத்தை அவள் வாசித்த தேதி இல்லை, அதன்படி ஒன்றைச் செய்த தேதி. இது புரிய எனக்கு மூன்று ராத்திரி ஆனது.

மத்தேயு 5ஆம் அதிகாரத்தில், உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள் என்கிற இடத்தில் பதினொரு தேதிகள், ஒன்றன் கீழ் ஒன்றாக. விவரம் ஒன்றும் இல்லை. லூக்கா 19இல், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று சகேயு சொல்கிற இடத்தில், "அத்தையிடம் சொன்னேன். 40 ரூ. கொடுத்தாயிற்று" என்று இருக்கிறது. எதற்கு வாங்கிய 10 ரூபாய், அதை எப்படி மறைத்தாள், தெரியாது. அத்தையும் இப்போது இல்லை.

தானியேல் புத்தகத்தில் ஒரே ஒரு சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு. விடுவிக்காமற்போனாலும். சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூன்று பேரும் நேபுகாத்நேச்சாரிடம் சொல்கிற பதில் அது. எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர், விடுவிக்காமற்போனாலும் உம்முடைய சிலையைப் பணிய மாட்டோம். பக்கத்தில், முதுகுப் பக்க ஓரத்தில், தையலுக்குள் போயிருக்கக்கூடிய இடத்தில், "கையெழுத்து போடவில்லை. 18-6-1987."

அந்த வருஷம் எனக்கு 12 வயது. பள்ளிக்கூடம் திறந்த மாதம். ஆகஸ்டில் அம்மாவுக்கு மாறுதல் வந்தது, நாற்பது கிலோமீட்டர் தள்ளி. விடியற்காலை எழுந்து இரண்டு பஸ் மாறிப் போனாள். ஏன் என்று எங்களிடம் சொன்னதே இல்லை. "மாறுதல் வந்திருக்கு" என்பாள், மழை வந்திருக்கு என்கிற மாதிரி. இந்தக் குறிப்பைப் படித்துவிட்டு அவளோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவரிடம் கேட்டேன், இப்போது அவருக்கு 81 வயது. சத்துணவுக் கணக்கில் சாப்பிடாத பிள்ளைகளையும் சாப்பிட்டதாகச் சேர்த்து அம்மாவிடம் கையெழுத்து கேட்டிருக்கிறார்கள். போட மறுத்திருக்கிறாள். "உங்கம்மை கை நடுங்கிட்டு நின்னா. ஆனா போடலை" என்றார்.

சூளையிலிருந்து அந்த மூன்று பேரும் மயிர்கூடக் கருகாமல் வெளியே வந்தார்கள். அம்மாவை யாரும் விடுவிக்கவில்லை. அந்த மாறுதலில் ஆறு வருஷம் இருந்தாள், முழங்கால் போனது அந்த பஸ் பயணத்தில்தான். அவள் கோடு போட்டது தப்புவிக்க வல்லவர் என்கிற சொல்லுக்கு இல்லை என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1 கொரிந்தியர் 13இல் "அசரியா, எடின்பரோ, 1910" என்று ஒரு குறிப்பு. திருநெல்வேலி சபைக்காரர்கள் பலருக்கும் இது தெரிந்திருக்கும். வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா அப்போது பேராயர் ஆகவில்லை, அது 1912இல்தான். வயது 35. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் ஆயிரத்து இருநூறு பேர் கொண்ட சபை, பெரும்பாலும் மேல்நாட்டு மிஷனரிகளும் அவர்களை அனுப்பிய சங்கத்தாரும். அவர்கள் நடுவில் நின்று, உங்கள் பொருளை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். அதே அதிகாரத்தின் சொற்களை எடுத்து, அதைக் கற்றுக்கொடுத்தவர்களிடமே. கூட்டத்தில் பலருக்கு அது கசந்தது. அம்மா இந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்வாள் என்று தெரியும். அதை எந்த வசனத்தின் பக்கத்தில் வைத்திருந்தாள் என்பது இப்போதுதான் தெரிந்தது.

இன்னொன்று இருக்கிறது. லூக்கா 22, பேதுரு மறுதலித்து, சேவல் கூவி, கர்த்தர் திரும்பிப் பார்க்கிற இடம். அங்கே "இன்று நானும். 4-10-1991." அவ்வளவுதான். அந்த எழுத்து மட்டும் சாய்ந்திருக்கிறது. என்ன நடந்தது என்று யாரிடமும் நான் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. ஆனால் மற்றக் குறிப்புகளை நான் முழுசாக நம்புவது இந்த ஒரு வரியால்தான். நன்றாகச் செய்த நாளை மட்டும் எழுதி வைத்தவள் இல்லை அவள்.

அடுத்த வாரம் புத்தகத்தைக் கொடுத்தேன். வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன், கொடுக்க நினைக்கிறவர்களுக்கு உதவும். பழைய அட்டையைக் கழற்றி, முதுகில் இறுகிப்போன பசையின் மேல் புதுப் பசையைக் களிம்பு மாதிரி அப்பி ஊறவிடுகிறார். ஊறியதும் பழைய பசை எலும்புக் கத்திக்கே வழிந்து வந்துவிடுகிறது, சுரண்ட வேண்டியதில்லை. பிறகு பாரம் பாரமாகப் பிரித்து, கிழிந்த மடிப்புகளில் மெல்லிய டிஷ்யூ தாள் ஒட்டி, எடை வைத்து ஒரு நாள் காய வைக்கிறார். மெழுகு தடவிய நூலால், நாடாக்களைச் சேர்த்துக் கையால் தைக்கிறார். முதுகுக்கு மல் துணி, அதன்மேல் தாள், பிறகு அட்டை. பசை அவரே காய்ச்சுகிற மைதாப் பசை, பூச்சி வராமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் சேர்க்கிறார். கடைகளில் கிடைக்கிற வெள்ளைப் பசையைப் பழைய புத்தகத்துக்குத் தொடுவதில்லை. அது காய்ந்து இறுகினால் அடுத்து பைண்டிங் செய்கிறவர் தாளைக் கிழிக்காமல் எடுக்க முடியாதாம். தனக்குப் பின்னால் வேறொருவர் இதைப் பிரிப்பார் என்று நினைத்துச் செய்கிற வேலை.

பன்னிரண்டாம் நாள் போன் வந்தது. "எசேக்கியேல்ல ஒரு தாள் என் கையில கிழிஞ்சு போச்சும்மா. பசை ஊறுறதுக்கு முந்தி அவசரப்பட்டு இழுத்துட்டேன். டிஷ்யூ வச்சுச் சேத்துட்டேன், ஆனா கோடு தெரியும். உங்ககிட்ட சொல்லாம மூடி வைக்க மனசு வரல." மற்ற பாரங்களையும் நிதானமாகச் செய்ய வேண்டும், ஒரு வாரம் கூட ஆகும் என்றார். வாங்கப் போனபோது அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்து காட்டினார். பிறகு நூறு ரூபாயைக் குறைத்துக்கொண்டார். நான் 850ஐயும் நீட்டினேன், வாங்கவில்லை. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் பக்கங்கள் உள்ள ஒரு புத்தகத்தில், எசேக்கியேலின் நடுவில், அந்தக் கிழிசலை நான் எந்தக் காலத்திலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும்.

காத்திருந்த நாட்களில் ஒரு மத்தியானம் பாளையங்கோட்டையிலேயே குளோரிந்தா கட்டிய ஆலயத்துக்குப் போய் உட்கார்ந்தேன். 1785இல் கட்டியது, சின்ன ஆலயம். சனங்கள் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்பார்கள். சின்ன வயதில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கதை சொன்ன இடம். கணவன் சிதையில் ஏற இருந்த பிராமண விதவை கோகிலா, ஓர் ஆங்கிலேய அதிகாரியால் காப்பாற்றப்பட்டு அவரோடு வாழ்ந்தவள். ஞானஸ்நானம் கேட்டபோது, கல்யாணம் இல்லாமல் சேர்ந்து வாழ்வதைக் காரணம் காட்டி ஜெர்மானிய மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் கொடுக்கவில்லை. அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778இல்தான் குளோரிந்தா என்கிற பெயரில் கொடுத்தார். மறுக்கப்பட்ட காலத்திலும் அவள் விசுவாசத்தை விடவில்லை, சுற்றியிருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். 1780இல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் நாற்பது பேர், அவள்தான் முன்னால். நாங்கள் மேடையில் கேட்கிற சாட்சிகளில் இந்தச் சிக்கலெல்லாம் தேய்த்து எடுக்கப்பட்டுவிடும். அம்மா எனக்குச் சொன்னபோது ஒன்றையும் விடாமல்தான் சொன்னாள்.

என் கதையையும் சொல்லாவிட்டால் இந்தக் கடையைப் பற்றி நான் எழுதியது முழுசாகாது. அதே மாதம் அம்மாவின் வீட்டை விற்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. வாங்க வந்தவர், பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டுவோம், மீதி 14 லட்சம் கையில் தருகிறேன் என்றார். சென்னையில் இருக்கிற என் தம்பி, "எல்லாரும் செய்றதுதானே அக்கா" என்றான். சபையில் மூத்தவர் ஒருவரும் அது வழக்கந்தானே என்றார். நானும் சரி என்றுதான் சொல்லியிருந்தேன். கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான், அது என்னவென்று தெரியாமல் சொல்லவில்லை.

பதினொரு தேதிகளை நோட்டில் எழுதிய மறுநாள் காலையில் புரோக்கருக்குப் போன் செய்து, முழுத் தொகையையும் பத்திரத்தில் காட்டி, வங்கி வழியாகத் தந்தால் விற்கிறேன் என்றேன். குரல் வரவில்லை, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. வாங்க வந்தவர் போய்விட்டார். ஐந்து மாதம் ஆளே வரவில்லை. கடைசியில் 3 லட்சம் குறைவாக, முழுவதும் பத்திரத்தில் காட்டி விற்றோம். தம்பி இரண்டு மாதம் பேசவில்லை, அவன் பங்கிலும் குறைந்ததுதானே, அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மகளின் காலேஜ் பீஸ் கட்டும்போது அந்த 3 லட்சம் இப்போதும் உறுத்துகிறது. சமாதானமாக இருக்கிறேனா என்று கேட்டால், சில நாள் இருக்கிறேன்.

சரி, கடைக்கு வருகிறேன். வேலையின் தரம் பற்றி. இப்போது ஒன்பது மாதம் ஆகிறது. புத்தகம் எந்த இடத்தில் திறந்தாலும் மேசையில் தட்டையாக நிற்கிறது. ஒரு தாளும் வெளியே வரவில்லை, சங்கீதப் பகுதி இறுக்கமாக இருக்கிறது. முதுகுப் பக்கக் குறிப்புகளில் பத்துப் பன்னிரண்டு மட்டுமே உள்ளே போய்விட்டன, தானியேல் குறிப்பு பாதி தெரிகிறது. மேல்தையலைக் கூடிய மட்டும் குறைத்திருக்கிறார்.

குறைகளும் உண்டு. முதுகில் தங்க எழுத்தில் போட்ட "பரிசுத்த வேதாகமம்" ஏற்கெனவே மங்கத் தொடங்கிவிட்டது. அடையாள நாடா குட்டை, கீழ் விளிம்புக்கு வெளியே வராது, இழுக்க முடியவில்லை. போன் எடுப்பது அபூர்வம், நேரில்தான் போக வேண்டும். ஞாயிறு பூட்டு. பண்டிகைக்கு முன் அவசரமாக வேண்டும் என்பவர்கள் போகாதீர்கள், டிசம்பரில் புது வேலையே வாங்குவதில்லை. பரிசு கொடுக்கப் பளபளப்பாக வேண்டும் என்றாலும் இது உங்களுக்கான கடை இல்லை. கொடுப்பதற்கு முன் முதுகுப் பக்க ஓரங்களைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நான் கையால் எழுதியதில் தேதிகள் இரண்டைத் தப்பாக எழுதியிருக்கிறேன்.

பின் அட்டைக்கு முன்னால், நான் கேட்காமலே, நாலு வெற்றுத் தாள் வைத்துத் தைத்திருக்கிறார். எதற்கு என்றேன். "பழசுல இடம் தீந்து போச்சுல்லா" என்றார். அப்பாவின் கீர்த்தனைப் புத்தகத்தையும் அடுத்த மாதம் அவரிடம் கொடுக்கப்போகிறேன். வெட்டிய ஓரத்தை அவரால் கொண்டுவர முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிட்டார். தாள்கள் விறைத்து உடைகின்றன, அந்தப் பசையையாவது எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.